சிறுதேரும் செம்மண் சாலையும்

பெரியதைச் சிறியதாகச் செய்து கைக்குள் வைத்துப் பார்க்கும் வேட்கை மாந்தரிடம் தொன்றுதொட்டு இருந்து வருவது. சிந்துவெளி அகழாய்வுகளில் கிடைத்த சுடுமண் வண்டிகள் அதற்குச் சான்று. தமிழர் வாழ்விலும் இவ்வேட்கை வேரூன்றியிருந்ததை இலக்கியங்கள் உணர்த்துகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக அமைந்தது சிறுதேர்ப் பருவமே. வடமொழி 'மிருச்சகடிக' நாடகத்தைத் தமிழாக்கிய பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதற்கு 'மண்ணியற் சிறுதேர்' என்று பெயர் சூட்டினார்.

பிள்ளைத்தமிழுக்கும் முற்பட்டது பட்டினப்பாலை காட்டும் சிறுதேர். காவிரிப்பூம்பட்டினத்து வீடொன்றின் அகன்ற முற்றத்தில் உணவுப்பொருள் காய்கிறது. அதைத் தின்ன வரும் கோழியை விரட்ட, மகளிர் தம் காதிலுள்ள பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். சிறுவர் குதிரையின்றி உருட்டி வரும் மூன்று உருளைச் சிறுதேருக்கு அக்குழை தடையாகக் கிடக்கிறது. பண்டைத் தமிழகத்தில் தேர் நால்வகைப் படையுள் ஒன்று. ஆகவே அச்சிறுவர் உருட்டியது, ஒரு வகையில், அக்காலப் போர் ஊர்தியின் சிறுவடிவமே. ஆயினும் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தேரை மட்டும் தனியே எடுத்துக் காட்டினாரில்லை. முற்றத்தையும் கோழியையும் மகளிரையும் உடன்வைத்தே காட்டினார். அதனால்தான் ஒரு விளையாட்டுப் பொருள் ஒரு நகரத்தின் வாழ்வுக்குச் சான்றாகி நிற்கிறது.

இக்காலத்தின் சிறுதேர், பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட டாங்கியும் கவச வண்டியும் ஆகும். அவற்றைக் கூறு கூறாக ஒட்டி, வண்ணந்தீட்டி, புகைப்படமெடுத்து மகிழ்வோர் உலகெங்கும் உள்ளனர். நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களின் ஓரமாக 1942ஆம் ஆண்டிலும், பின்னர் 1948 முதல் 1960 வரையிலும் ஓடிய போர் ஊர்திகளும் இவ்வாறு சிறுவடிவம் பெற்றுள்ளன. ஆனால் அவை ஓடிய செம்மண் சாலையும், அச்சாலையோரத்தில் வாழ்ந்த மக்களும் அச்சிறுவடிவங்களில் இடம்பெறுவது அரிது. பட்டினப்பாலைப் புலவரின் கண் இங்கே தேவைப்படுகிறது. தேரோடு முற்றத்தையும் காட்டினாலன்றி வரலாறு முழுமை பெறாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கலை வளர்ந்த வகை

அளவு பிசகாத சிறு மாதிரிகள் பெருகியதற்குப் போரே ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரின்போது, வானில் பறப்பது பகைவர் விமானமா, நட்பு நாட்டு விமானமா என்று அடையாளங்காணும் பயிற்சிக்காக மாதிரிகள் செய்யப்பட்டன. 72இல் ஒரு பங்கு என்னும் அளவு விகிதம் அப்பயிற்சி மாதிரிகளால் பரவியது. ஆறடி உயரம் ஓர் அங்குலமாகச் சுருங்கும் விகிதம் அது. போருக்குப் பின் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், பொம்மைத் தொடர்வண்டிகளின் அளவையொட்டி, 76இல் ஒரு பங்கு விகிதத்தில் டாங்கிகளை 1960களின் தொடக்கத்தில் வெளியிடலாயிற்று.

ஜப்பானில் இக்கலை வேறொரு வழியில் வளர்ந்தது. ஷிசுவோகா நகரில் 1946இல் மர வாணிப நிறுவனமாகத் தொடங்கிய டாமியா, முதலில் மரத்தால் மாதிரிகள் செய்து, பின் பிளாஸ்டிக்கிற்கு மாறியது. 1960களின் தொடக்கத்தில் அது வெளியிட்ட ஜெர்மானிய 'பாந்தர்' டாங்கியின் வயிற்றில் ஒரு சிறு மின்பொறியும் இரண்டு மின்கலங்களும் அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கும்படி அமைத்தபோது டாங்கியின் அளவு ஏறத்தாழ 35இல் ஒரு பங்காக வந்து நின்றது. தற்செயலாக வந்த அவ்விகிதமே இன்று தரைப்படை ஊர்தி மாதிரிகளின் பொது அளவாகிவிட்டது. 1970களில் அதே நிறுவனம் ஜப்பானியப் படையின் 'வகை 97' நடுத்தர டாங்கியையும் அவ்விகிதத்தில் வெளியிட்டது. மலாயாவின் சாலைகளை அதிரவைத்த டாங்கி, ஒரு தலைமுறைக்குள் அட்டைப் பெட்டிக்குள் அடங்கிக் கடைக்கு வந்தது.

கிம்மாஸ், 1942

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை தெற்கு நோக்கி விரைந்தது. படைத்தலைவர் யமாஷிதாவிடம் ஏறத்தாழ 200 டாங்கிகள் இருந்தன. அடர்ந்த காடும் சதுப்பும் நிறைந்த மலாயாவில் டாங்கி பயன்படாது என்று எண்ணியிருந்த பிரிட்டிஷாரிடம் போர் தொடங்கியபோது ஒரு டாங்கிகூட இல்லை. அவர்கள் மறந்தது ஒன்று. காடு அடர்ந்திருந்தது மெய். ஆனால் ரப்பர்த் தோட்டங்களுக்காகவும் ஈயச் சுரங்கங்களுக்காகவும் அவர்களே அமைத்த சாலைகள் நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை செவ்வையாக இருந்தன. பால் ஏற்றிச் செல்லப் போட்ட சாலை டாங்கிக்கும் வழிவிட்டது. 1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ஆற்றருகே சுமார் 30 டாங்கிகள் இந்தியப் படையின் 11ஆம் டிவிஷனை ஊடறுத்துச் சென்றன. ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது.

அதன்பின் போர் நெகிரி செம்பிலானுக்குள் வந்தது. தம்பினிலிருந்து கிம்மாஸ் செல்லும் சாலையில், கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தருகே, ஆஸ்திரேலியப் படையின் 30ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த ஒரு பிரிவு பதுங்கியிருந்தது. பட்டாளத்தின் தலைவர் காலகன். பதுங்கியிருந்த பிரிவின் தலைவர் டஃபி. ஜனவரி 14 மாலையில் ஜப்பானிய வீரர்கள் மிதிவண்டிகளில் அணியணியாகப் பாலத்தைக் கடந்தனர். பல நூறு பேர் கடந்த பின், பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சாலையின் ஓரத்திலிருந்து குண்டுகள் பொழிந்தன. ஆயினும் பின்னிருந்த பீரங்கிகளுக்குச் சென்ற தொலைபேசிக் கம்பியை ஜப்பானியர் அறுத்துவிட்டமையால் பீரங்கிகளின் துணை கிடைக்கவில்லை. மறுநாள் ஜப்பானியர் பாலத்தைச் செப்பனிட்டுக்கொண்டு டாங்கிகளுடன் கிம்மாசை நெருங்கினர். அங்கே ஆஸ்திரேலியரின் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் அவற்றுட் பலவற்றை அழித்தன. எனினும் ஜப்பானியரின் முன்னேற்றம் சில நாள் தடைப்பட்டதேயன்றி நிற்கவில்லை. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

காகித நெஞ்சம்

கிம்மாஸ் போருக்கு மூன்று நாள் கழித்து, ஜனவரி 18ஆம் நாள், அண்டை மாநிலமாகிய ஜொகூரில் மூவாருக்கு அருகிலுள்ள பக்ரியிலும் இத்தகைய மோதல் நிகழ்ந்தது. அங்கே அழிந்த டாங்கிகளை ஆஸ்திரேலியப் படையின் அரசுப் புகைப்படக்காரர் படமெடுத்தார். முன்னே ஒரு சிறு பீரங்கியும் அதனை இயக்கும் வீரர்களும். அப்பால் நீண்டு செல்லும் சாலையில் அழிந்து கிடக்கும் டாங்கிகள். மலாயாப் போரைப் பற்றிய நூல்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் படம் அது. இப்போரைச் சிறுவடிவில் அமைக்க விழைவோர்க்கு அதுவே முதல் வழிகாட்டி.

படத்திலுள்ள டாங்கி 'வகை 95' என்னும் இலகு டாங்கி. எடை 7.4 டன், நீளம் 4.38 மீட்டர், மூவர் அமர்ந்து செலுத்துவது, 37 மில்லிமீட்டர் பீரங்கி உடையது. 35இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். இனி, அதன் கவசத்தை நோக்குவோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. மெய்யான டாங்கியின் கவசம் மிகத் தடித்த இடத்திலும் 12 மில்லிமீட்டரே. அதே விகிதத்தில் சுருக்கினால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஓர் அட்டையின் கனம். பிளாஸ்டிக் மாதிரியின் சுவரோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருக்கும். பொம்மையின் தோல் மெய்யான டாங்கியின் தோலைவிட விகிதத்தில் மும்மடங்கு தடித்தது! பக்ரியில் கவசத்தைத் துளைக்கும் குண்டுகள் டாங்கியின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தில் வெளியேறியதும், அதனால் வெடிக்கும் குண்டுகளுக்கு மாறியதும் வரலாறு. ஒரு நாட்டையே அஞ்சவைத்த எந்திரம் காகித நெஞ்சம் கொண்டது. அதை எதிர்க்கும் கருவி போதிய அளவில் இல்லாததும், எதிர்க்கலாம் என்னும் எண்ணம் தொடக்கத்தில் இல்லாததுமே அதற்கு வலிமையாயின. எளிய வகுத்தல் கணக்கு ஒன்று இவ்வுண்மையை வெளிப்படுத்துகிறது. மாதிரி செய்தல் வரலாற்றுக் கல்வியாவது இவ்வாறே.

வண்ணத்தின் செய்தியும் இத்தகையதே. அக்காலப் புகைப்படம் கருப்பு வெள்ளை. டாங்கியின் நிறத்தை நூல்கள் சொல்லக்கூடும். அதன் சங்கிலிச் சக்கரத்தில் ஒட்டிய மண்ணின் நிறத்தை எந்த நூலும் சொல்வதில்லை. இங்கேதான் நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் அயல்நாட்டுக் கலைஞர்களை விஞ்சக் கூடும். மழைக்காலத்தில் வெள்ளைச் சட்டையில் படிந்து சலவைக்கும் போகாத செம்மண்ணை அவர்கள் அறிவார்கள். காய்ந்தால் இளஞ்சிவப்புப் புழுதியாகவும், நனைந்தால் கருஞ்சிவப்புச் சேறாகவும் மாறும் அதன் இருநிலைகளையும் அறிவார்கள். கலைஞர் முதலில் அடிநிறம் பூசி உலர்த்துவர். பிறகு நீர்த்த வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டு நிழல் காட்டுவர். வண்ணம் பெரும்பாலும் துடைக்கப்பட்ட தூரிகையால் விளிம்புகளை உரசித் தேய்மானம் காட்டுவர். இறுதியில் மண்நிறப் பொடி தூவுவர். சிறிய வடிவில் எந்நிறமும் சற்றே கருத்துத் தோன்றும். ஆதலின் ஒரு படி வெளுப்பாகவே பூசுவர்.

புகைப்படம் எடுப்பதிலும் ஒரு நெறி உண்டு. நின்றவாறு மேலிருந்து எடுத்தால் எத்துணை நேர்த்தியான மாதிரியும் பொம்மையாகவே தோன்றும். அச்சிறு உலகத்து மனிதன் ஒருவன் நின்று பார்த்தால் எவ்வுயரத்தில் பார்ப்பானோ அவ்வுயரத்துக்குக் கேமராவைத் தாழ்த்த வேண்டும். 35இல் ஒரு பங்கு விகிதத்தில் அது தரையிலிருந்து நாலரை சென்டிமீட்டர். ஒளித்துளையைச் சிறிதாக்கி, நேரத்தைக் கூட்டி எடுத்தால் முன்னும் பின்னும் தெளிவாக விழும். இவ்வாறு கண்ணைத் தாழ்த்தியவுடன் எழும் கேள்விதான் முதன்மையானது: அவ்வுயரத்தில் நின்று அந்த டாங்கியைப் பார்த்தவர் யார்?

சாலையோரத்து மக்கள்

வீரர் மட்டும் பார்த்தாரல்லர். சாலையின் இருமருங்கும் நிரை நிரையாகப் பால் மரங்கள். அவற்றின் அப்பால் தொழிலாளர் குடியிருப்புகள். அவற்றில் வாழ்ந்தோருள் மிகப் பலர் தமிழர். போர் நெருங்கியபோது வெள்ளைக்கார நிருவாகிகள் தோட்டங்களை விட்டு வெளியேறினர். தொழிலாளர் எங்கும் செல்ல வழியின்றி நின்றனர். ரப்பர் ஏற்றுமதி அற்றது, கூலி நின்றது, அரிசி அரிதாயிற்று, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. பின்னர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மடிந்த தமிழர்க்குக் கணக்குப் புத்தகமும் இல்லை. பெரும்பாலோர்க்குக் கல்லறையும் இல்லை.

கிம்மாஸ் நகரம் இத்துயரத்தோடு மற்றொரு வகையிலும் தொடர்புடையது. அது இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பு. அங்கிருந்து கிளாந்தான் மாநிலத்துத் தும்பாட் வரை செல்லும் கிழக்குக் கரைப் பாதை 1931இல் முடிவுற்றது. அப்பாதையின் ஒரு பகுதியை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம் பாதைக்குக் கொண்டுசென்றனர். மலாயாவின் தண்டவாளமும் மலாயாத் தோட்டத் தொழிலாளியும் ஒரே திசையில் சென்றனர். தண்டவாளம் போன இடத்தில் பின்னர் புதிய தண்டவாளம் வந்தது.

கெமெஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலிய வீரர்க்கு நினைவுச் சின்னம் உண்டு. அது தக்கதே, அயல்மண்ணில் உயிர்நீத்தோரை அவர் நாடு மறவாதிருக்கிறது. தோட்டத்து மக்களை நினைவில் வைத்தல் அவர்தம் வழித்தோன்றல்களின் கடமையாகிறது.

முள்வேலிக் காலம்

போர் முடிந்து மூன்றாண்டுகள் கூட ஆகவில்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட்டருகே மூன்று தோட்ட நிருவாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. கம்யூனிஸ்டுகள் காட்டைப் புகலிடமாகக் கொண்டனர். கவச வண்டி காட்டுக்குள் நுழையாது. சாலையைக் காப்பதே அதன் வேலை. சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் செல்லும் புக்கிட் தங்கா மலைச்சாலை போன்ற வளைந்த சாலைகளில் பதுங்கித் தாக்குவது எளிது. ஆகவே உணவு லாரிகளுக்கும் தொழிலாளரின் சம்பளப் பணத்திற்கும் காவல் தேவைப்பட்டது. நிருவாகிகள் தம் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டனர்.

மாதிரிக் கலைஞர் விரும்பும் இரண்டு ஊர்திகள் இக்காலத்தோடு தொடர்புடையவை. ஒன்று, டைம்லர் நிறுவனம் 1952 முதல் உருவாக்கிய 'ஃபெரட்' வேவு வண்டி. நான்கு சக்கரமும் இருவர் குழுவும் உடையது. 72இல் ஒரு பங்காக்கினால் ஐந்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். மற்றொன்று, காவன்ட்ரி நகரத்து ஆல்விஸ் நிறுவனம் செய்த 'சாரசன்'; ஆறு சக்கரங்கள் பூண்டு, வீரர்களை உள்ளே ஏற்றிச் செல்வது. ஆல்விஸ் நிறுவனம் அதே அடித்தளத்தின்மேல் 'சாலடின்' என்னும் பீரங்கி வண்டியையும் வடிவமைத்தது. ஆயினும் மலாயாவின் தேவை கருதிச் சாரசனுக்கே முதலிடம் தரப்பட்டு, அது 1952இல் உற்பத்திக்கு வந்தது. சாலடின் சில ஆண்டுகள் காத்திருந்தது. மலாயாச் சாலைகளின் நிலைமை இங்கிலாந்தின் தொழிற்சாலையொன்றின் வரிசையையே மாற்றியது என்பது கருதத்தக்கது.

1955இல் லிவர்ப்பூலின் மெக்கானோ நிறுவனம் தன் 'டிங்கி' பொம்மை வரிசையில் இச்சாரசனின் உலோகச் சிறுவடிவத்தை வெளியிட்டது. இங்கிலாந்துச் சிறுவர் அதைக் கம்பளத்தின்மேல் உருட்டி விளையாடிய அதே ஆண்டுகளில், மெய்யான கவச வண்டிகள் மலாயாவின் தோட்டச் சாலைகளில் உருண்டுகொண்டிருந்தன. அங்கே சிறியதைக் கண்டோர் பெரியதைக் கண்டதில்லை. இங்கே பெரியதைக் கண்ட பிள்ளைகளுக்குச் சிறியது வாங்கும் வசதியில்லை. மத்தி மீன் டின்னும் ரப்பர்க் கொட்டையும் அவர்களுக்கு வண்டியும் சக்கரமும் ஆயின.

அவசரகாலத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சீனர். இது பாடநூல்களில் இடம்பெறும் செய்தி. அதே காலத்தில் தோட்டங்களில் சிதறிக் கிடந்த குடியிருப்புகளும் ஓரிடத்தில் கூட்டப்பட்டு முள்வேலி இடப்பட்டன என்பது அத்துணைப் பேசப்படுவதில்லை. வேலியின் வாயிலில் காவலர் நின்று சோதித்தனர். காட்டிலிருப்போர்க்கு உணவு சென்றடையக் கூடாது என்பதால், வேலைக்குச் செல்வோர் சோறு கொண்டுசெல்வதும் தடுக்கப்பட்டது. விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்கு வடியும். ஊரடங்கு அந்நேரத்தை விழுங்கிற்று. மறுபுறம், கம்யூனிஸ்டுகள் பால் மரங்களின் பட்டையைச் சிதைத்தனர். சிதைந்த மரம் முதலாளியின் நட்டம் மட்டுமன்று, தொழிலாளியின் சோறும் ஆகும். துப்பாக்கி ஏந்திய இருதரப்பாருக்கும் இடையே, கையில் பால்வெட்டுக் கத்தியோடு நின்றவர் இவர்.

விடுபட்டவரைச் சேர்த்தல்

மாதிரிப் பெட்டியைத் திறந்தால் வண்டியுடன் வருவோர் படைவீரர்களே. ஓட்டுநர், துப்பாக்கி ஏந்தியவர், சைகை காட்டும் தலைவர் என்று அவ்வுருவங்கள் அமைகின்றன. நெகிரி செம்பிலான் சாலையைக் காட்ட அவர் மட்டும் போதார். தலையில் துணி கட்டி, நீண்ட கைச்சட்டை அணிந்து, தோளில் காண்டா சுமந்து, இரு முனைகளிலும் பால் வாளி தொங்க நடக்கும் பெண்ணொருத்தியை அச்சாலையோரத்தில் நிறுத்த வேண்டும். 35இல் ஒரு பங்கு விகிதத்தில் அவள் உயரம் சுமார் 4.4 சென்டிமீட்டர். அவள் பின்னே நிற்கும் 20 மீட்டர் மரம் 57 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மரத்தில் கட்டிய மங்கு மூன்றரை மில்லிமீட்டர். வண்டியைவிட மரம் எத்துணைப் பெரிது, மங்கைவிட வண்டி எத்துணைப் பெரிது என்பதை அளந்து வைக்கும்போதே அவ்வுலகில் மனிதர் நின்ற நிலை விளங்கும்.

இவ்வுருவம் கடையில் வாங்கத் தேவையில்லை. மெல்லிய கம்பியை முறுக்கி எலும்பாக்கி, அதன்மேல் பசைமண் அப்பி, காகிதத்தால் ஆடை உடுத்தலாம். பட்டையில் வெட்டுக் கோடு எந்தச் சாய்வில் இறங்கும், மங்கு எங்கே கட்டப்படும், ஒட்டுப்பால் எதில் சேரும் என்பனவற்றை எந்த விளக்கத்தாளும் கூறாது. பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டுத்தான் அறிய வேண்டும். அக்கேள்வியோடு பிற செய்திகளும் வெளிவரும். வேலி எங்கே இருந்தது, வாயில் எப்போது திறந்தது, சாலையில் வண்டி வரும் ஓசை கேட்டால் பிள்ளைகள் எங்கே ஓடினர் என்பன எழுதப்படாத வரலாறுகள். சிறுவடிவம் செய்யப் புகுந்தவர் ஒரு தலைமுறையின் நினைவைப் பதிவு செய்தவராவர்.

போர்க்கருவியின் மாதிரி பிள்ளைகளின் உள்ளத்தில் போர் வேட்கையை விதைக்காதா என்று ஆசிரியர் சிலர் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. வண்டியை மட்டும் பளபளப்பாகச் செய்து அலமாரியில் வைத்தால் அவ்வாறு நேரக்கூடும். வண்டியின் முன்னே வேலியையும், வேலியின் பின்னே வெறுங்கையோடு நிற்கும் தொழிலாளியையும் வைத்துவிட்டால், அதைப் பார்க்கும் பிள்ளை வண்டியை மட்டும் வியந்து போகாது.

இன்றைய களம்

நெகிரி செம்பிலானுக்கும் படைக்கும் உள்ள உறவு போரோடு முடிந்ததன்று. 1933 மார்ச் 1ஆம் நாள் 25 இளைஞருடன் மலாய்ப் பட்டாளம் தோன்றியது போர்ட்டிக்சனில்தான். அவ்வூரிலுள்ள தரைப்படை அருங்காட்சியகத்தில் பழைய ஊர்திகளையும் பீரங்கிகளையும் அருகில் சென்று காணலாம். மாதிரி செய்வோர்க்கு அது திறந்த பாடநூல். ஆணி எத்தனை, சக்கரத்தின் ஆழம் எவ்வளவு, வண்ணம் எங்கே உரிந்துள்ளது என்பனவற்றை நேரில் அளந்தும் படமெடுத்தும் கொள்ளலாம்.

மலேசியா போலந்திடம் 2003இல் ஒப்பந்தம் செய்து, 2007 முதல் 2009 வரை பெற்ற 48 'பென்டேக்கார்' டாங்கிகளின் பாசறை கிம்மாசில் அமைந்தது. 1942இல் டாங்கியே இல்லாமல் டாங்கியை எதிர்த்த ஊர், தன் நாட்டின் டாங்கிப் படைக்கு இல்லமாயிற்று. பென்டேக்கார், சோவியத்து நாட்டின் டி-72 டாங்கியின் வழிவந்தது. ஆகவே டி-72 மாதிரியை வாங்கி, கூண்டின்மேலும் முகப்பிலும் கவசக் கட்டிகளை ஒட்டி மாற்றியமைப்போர் உண்டு. அளவு தெரியாத உறுப்புகளைப் புகைப்படத்திலிருந்து அறிய ஒரு வழி இருக்கிறது. டி-72இன் சக்கர விட்டம் 75 சென்டிமீட்டர். பக்கவாட்டுப் படத்தில் சக்கரத்தையும் அறிய விரும்பும் உறுப்பையும் அளந்து, விகிதம் கண்டு, 72ஆல் வகுத்தால் விடை கிடைக்கும். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவரின் கணிதத்திற்கு இதைவிட இனிய பயிற்சி வேண்டுமோ?

தோட்டங்கள் மாறிவிட்டன. பால் மரம் இருந்த இடங்களிற் பல செம்பனை ஆயின. சில நகரியங்கள் ஆயின. தொழிலாளர் குடும்பங்கள் சிரம்பானுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தன. அவர்தம் பிள்ளைகள் படித்த தோட்டப் பள்ளிகளுட் சில இடம் மாறின. பெரட்டுக் களமும் ஆயக்கொட்டகையும் முள்வேலியும் எங்கே இருந்தன என்று சுட்டிக் காட்டக்கூடியவர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். டாங்கியின் அளவு நூல்களில் என்றும் கிடைக்கும். அதைக் கண்டவரின் நினைவு கிடைக்காது. காலம் கடப்பதற்கு முன் செய்ய வேண்டியது இதுவே.

ஆகவே தமிழாசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒன்றுகூடி, மாணவர் குழுவொன்றுக்கு இப்பணியைத் தரலாம். ஒரு சாண் பலகை, சிறிது செம்மண், குச்சிகளால் மரநிரை, ஒரு சிறு கவச வண்டி, அதனினும் சிறிய மனித உருவங்கள் போதும். அருகில் ஒரு தாளில் ஆண்டும் இடமும் நிகழ்ச்சியும், கேட்டறிந்த முதியோரின் சொற்களும் எழுதப்படட்டும். அப்போது அச்சிறுதேர் கையில் உருளும் பொம்மையாக இராது. தன் முற்றத்தையும் முற்றத்து மக்களையும் அறிந்த ஒரு தலைமுறைக்குச் சான்றாக நிற்கும்.